பழைய மார்லின் கேம்ப் 9: வாங்கியது, திறந்தது, திருத்தியது

சென்ற அக்டோபரில், பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க்கை அடுத்த ஒரு சிற்றூரில், மார்லின் கேம்ப் 9 என்ற பழைய கார்பைன் ஒன்றை வாங்கினேன். கைத்துப்பாக்கிக்குரிய 9 எம்.எம். தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி அது. வாங்கிய வாரத்திலேயே அறுபது தோட்டா சுட்டேன். பிறகு மூன்று மாதம் அது பூட்டிய அலமாரிக்குள் பிரித்த நிலையிலேயே கிடந்தது. மறுபடி சுடத் தொடங்கியபோது, மேலே ஏற்றிய நோக்கியைத் தவிர, வெளித்தோற்றத்தில் சொல்லும்படியான மாறுதல் இல்லை. உள்ளே மட்டும் ஒரு பஃபரும் (அடியைத் தாங்கும் சிறு துண்டு) ஒரு சுருள்வில்லும் புதிதாக இருந்தன. தோளில் அணைக்கும் மரக்கட்டையில் ஒரு விரிசல் ஒட்டப்பட்டிருந்தது. இந்த வகைத் துப்பாக்கியைப் பழையதாக வாங்குகிறவர்கள் முதலில் பணம் செலவிடுவது ரெட் டாட் நோக்கியில், அதாவது சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவியில். நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். அந்த வரிசை தவறு என்பதை மரம் விரிந்த பிறகு கற்றுக்கொண்டேன். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

எந்தத் துப்பாக்கி, எந்தக் காலம்

மார்லின் 1870-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் தொடங்கிய நிறுவனம். பெயர் பெற்றது நெம்புகோலால் இயங்கும் லீவர் வகைத் துப்பாக்கிகளுக்கும் புள்ளி 22 (0.22 அங்குல விட்டம்) துப்பாக்கிகளுக்கும். 1985-இல் அது கேம்ப் 9-ஐ வெளியிட்டது. அடுத்த ஆண்டு புள்ளி 45 தோட்டாவுக்கு கேம்ப் 45 வந்தது. 1999-இல் இரண்டும் நின்றுபோயின. பிறகு மார்லின் ரெமிங்டன் குழுமத்தின் கைக்குப் போனது. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் அதை வாங்கியது. ஆனால் கேம்ப் கார்பைனை மறுபடி யாரும் தயாரிக்கவில்லை. எனவே சந்தையில் இருப்பவை எல்லாமே கால் நூற்றாண்டைத் தாண்டியவை. இதை வாங்கும்போது மனத்தில் முதலில் நிற்க வேண்டிய கணக்கு இந்த வயதுதான்.

ஒரே தோட்டாவைக் கைத்துப்பாக்கியிலும் நீளத் துப்பாக்கியிலும் போடும் யோசனை புதியதல்ல. 1873 வின்செஸ்டர் சுட்ட புள்ளி 44-40 தோட்டாவுக்கே கோல்ட் நிறுவனம் பின்னர் ரிவால்வரும் செய்து விற்றது. பையில் ஒரே வகைத் தோட்டா இருந்தால் போதும். மார்லின் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியான மேகசினையும் பொதுவாக்கியது. கேம்ப் 9 ஏற்றுக்கொள்வது, அந்நாளில் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பலர் இடுப்பில் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 வரிசைக் கைத்துப்பாக்கியின் மேகசினை. கேம்ப் 45-க்கு 1911 கைத்துப்பாக்கியின் மேகசின். மற்றபடி இது மரக்கட்டை பொருத்திய, பார்ப்பதற்குச் சாதாரண புள்ளி 22 துப்பாக்கி போன்ற பொருள்: 16.5 அங்குலக் குழல், மொத்த நீளம் 35.5 அங்குலம், எடை ஆறே முக்கால் பவுண்டு, நம் கணக்கில் மூன்று கிலோ. தவறிச் சுடாமல் தடுக்கும் காப்புவிசை, விசைக்காப்பு வளையத்தின் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் கால காரண்ட் ராணுவத் துப்பாக்கியில் இருப்பதுபோல அமைந்திருக்கும். கடைசித் தோட்டா போனதும், குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டான போல்ட் திறந்தே நிற்கும். மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது.

நான் வாங்கியது எந்த ஆண்டில் செய்தது என்பதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கால மார்லின்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் ஆண்டு கிடைத்துவிடும். என்னுடையது 12-இல் தொடங்கியது. நூறில் பன்னிரண்டு போனால் எண்பத்தெட்டு, ஆக, 1988.

வாங்கிய நாள்

விற்றவர் எஃகு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 5906 கைத்துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். அதற்குத் துணையாகத்தான் கார்பைனை வாங்கியதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் இல்லை என்பதால் கொடுத்துவிடுகிறாராம். அறுநூறு டாலர் கேட்டார், ஐந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. நேர்மையான மனிதர். தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவருக்கே தெரியாதது ஒன்று உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

பென்சில்வேனியாவில் இரு தனிமனிதர்கள் நீளத் துப்பாக்கியை நேருக்கு நேர் கைமாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் உரிமம் பெற்ற கடை ஒன்றின் வழியாகவே மாற்றிக்கொண்டேன். துப்பாக்கி வாங்குவோர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, சீட்டைக் கையில் வாங்கினேன். வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வாங்கினால் கடை வழியாகத்தான் வாங்கியாக வேண்டும். அது கூட்டாட்சிச் சட்டம். இங்கே நம்மவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு அந்தத் தடை இல்லை. நான் கார்டு வரும்வரை காத்திருந்தேன். நண்பன் வாங்கித் தருவான் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் கடுமையான கூட்டாட்சிக் குற்றம். இந்தியாவில் 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட விட்டம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. எனவே இந்தக் கட்டுரையில் வருவது எல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு மட்டும் உரியது.

வாங்கும்போது எதையெல்லாம் பார்த்தேன்? மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தேன். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். ரவையைச் சுழலவைக்கும் உள்வரிகள் கூர்மையாக இருந்தன, துரு இல்லை. மேல்பூச்சு நன்றாக இருந்தது. மரத்தில் சிறு கீறல்கள், அவ்வளவே. காப்புவிசை சரியாக நின்றது. திருப்தி. மேலும் உறுதிக்காக, கைமாற்றம் நடந்த கடையிலேயே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காசு கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். அவர் போல்ட்டை நாலைந்து முறை இழுத்துவிட்டார், விசையை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்தார், நல்ல நிலையில் உள்ளது என்று சீட்டெழுதித் தந்தார். கட்டையிலிருந்து துப்பாக்கியைக் கழற்றவே இல்லை. அடியில் இருப்பவை இரண்டே திருகாணிகள். பொருத்தமான திருப்புளி இருந்தால் இரண்டு நிமிட வேலை. விற்றவர் வீட்டு மேசையில், அவர் அனுமதியோடு, நானே அதைச் செய்திருக்கலாம். செய்யாமல் போனதுதான் இந்த வாங்கலில் நான் செய்த ஒரே பெரிய தவறு.

அறுபது தோட்டா

சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்கு என்னோடு வந்தவர் நான் அண்ணன் என்று அழைக்கும் நண்பர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் தொடங்கி, இங்கே ஓர் இயந்திரப் பட்டறையில் இருபது ஆண்டாக வேலை செய்கிறவர். துப்பாக்கி பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. இரும்பு பற்றித் தெரியும்.

முதல் மேகசின் சுகமாகப் போனது. பின்னுதைப்பு குறைவு; ஐம்பது கஜ அட்டையில் ஓட்டைகள் ஓரளவு நெருங்கியே விழுந்தன. ஐந்தாவது முறை நிரப்பிய மேகசினில் அண்ணன் காதுமூடியைச் சற்று அழுத்திக்கொண்டு அருகில் வந்தார்.

“தம்பி, நிறுத்து. வெடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வருகிறதே, கேட்டாயா?”

“எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, அண்ணா.”

“இரும்பு இரும்பில் அடிக்கிறது. பஞ்ச் பிரஸ்ஸில் ரப்பர் போய்விட்டால் இப்படித்தான் கேட்கும். காலி உறைகள் எங்கே போய் விழுகின்றன, பார்.”

பார்த்தேன். வெற்று உறைகள் ஏழெட்டு அடி தூரம் நடந்து பொறுக்கும் அளவுக்கு வலப்பக்கம் பறந்து கிடந்தன. பலவற்றின் வாய் ஓரம் நசுங்கியிருந்தது. அதற்குமேல் சுடவில்லை. கணக்குப் பார்த்தால் சுட்டது சரியாக அறுபது.

இதன் காரணம் இந்தத் துப்பாக்கி இயங்கும் முறையில் இருக்கிறது. கேம்ப் 9-இல் போல்ட்டைக் குழலோடு பூட்டிவைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. தோட்டா வெடிக்கும்போது பின்வாயை அடைத்துக்கொண்டு நிற்பது போல்ட்டின் கனமும் அதன் சுருள்வில்லும் மட்டுமே. ரவை முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, ஏறக்குறைய அதே உந்தத்தோடு போல்ட் பின்னால் வருகிறது. போல்ட் கனமானது என்பதால் மெதுவாக வருகிறது. வரும் வழியில் சுருள்வில் அதன் வேகத்தை முடிந்தவரை தின்றுவிட வேண்டும். மிச்சத்தை, போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவரின் பின்சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பஃபர் துண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றில் அறையும் கதவு சுவரைக் கெடுக்காதிருக்கச் சுவரில் ரப்பர்க் குமிழ் வைப்போமே, அதே வேலை.

9 எம்.எம். சாதாரணத் தோட்டாவின் உச்ச அழுத்தம், அமெரிக்கத் தொழில் தர அளவின்படி, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி எனப்படும் கூடுதல் மருந்திட்டதில் அது 38,500. எவ்வளவு போனாலும் சுமை அந்தச் சிறு துண்டின் தலையில்தான் விழுகிறது. சுருள்வில் தளர்ந்தால் போல்ட் வேகமாக வந்து மோதும். பஃபர் போய்விட்டால் இரும்பு இரும்பில் அடிக்கும். ரிசீவர் அந்த அடியை அப்படியே பின்னால் இருக்கும் மரத்துக்குக் கொடுக்கும். மரம் தன் இழையோடு பிளக்கும். இந்த மூன்றும் ஒரே சங்கிலி. மரத்தில் விரிசல் என்று விற்பனைக்கு வரும் கேம்ப் கார்பைன்கள் நிறைய உண்டு. விற்பவர்கள் கீழே போட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

திறந்தபோது

அன்று இரவே அண்ணன் வீட்டுப் பட்டறையில் அடித் திருகாணிகள் இரண்டையும் கழற்றினோம். திருப்புளி முனை திருகாணிப் பள்ளத்தை முழுதும் நிரப்புகிறதா என்று அவர் மூன்று திருப்புளிகளை வைத்துப் பார்த்த பிறகுதான் கையை வைத்தார். கட்டை தனியாக வந்தது. ஊசிகளைத் தட்டி விசைக்கூட்டை விடுவித்து, போல்ட்டை இழுக்கும் கைப்பிடியை உருவி, போல்ட்டையும் சுருள்வில்லையும் வெளியே எடுத்தோம். சுருள்வில் மெல்லிய கம்பி ஒன்றின் மேல் ஏறி நிற்கும்; அதை அமுக்கித் திரும்பப் போடும்போது சற்றுக் கோணினாலும் மடிந்துவிடும். கண்ணாடி அணியாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

பஃபர் இருந்த இடத்தில் பஃபர் இல்லை. பழுப்பு நிறத்தில், பழைய கருப்பட்டியைத் தட்டியதுபோல, நாலைந்து சில்லுகள் இருந்தன. விரலால் தொட்டதும் மாவாக நொறுங்கின. மீதி, எண்ணெயோடு கலந்து பிசினாகி விசைக்கூட்டுக்குள் இறங்கியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு எண்ணெயில் ஊறிய பிளாஸ்டிக் மக்கத்தான் செய்யும். இதற்காக அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காரின் ரப்பர் குழாய் அத்தனை நாள் தாங்காது. ரிசீவரின் பின்சுவரில் நகக்கண் அளவுக்கு ஒரு பிறைத் தழும்பு, புது இரும்பாகப் பளபளத்தது. விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படவில்லை. அண்ணன் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “மேல்தோல்தான். நல்ல நேரத்தில் நிறுத்தினாய்” என்றார்.

மரத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் ஒரு வெள்ளைத் துணியால் உள்பள்ளத்தை அசிட்டோனில் துடைத்தார். பிறகு கட்டையின் இரு விளாவையும் கட்டை விரல்களால் மெல்ல அழுத்தி விட்டார். காய்ந்த மரத்தில், ரிசீவரின் வால் உட்காரும் இடத்திலிருந்து பின்னோக்கி, ஈரமான ஒரு கோடு மெல்ல எழுந்தது. பழைய துப்பாக்கி எண்ணெய், விரிசலுக்குள் இருந்தது கசிந்து வெளியே வந்தது. விட்டதும் கோடு உள்ளே போனது. அழுத்தினால் மறுபடி வந்தது. மரம் மூச்சு விடுவதுபோல இருந்தது. ஒன்றரை அங்குல நீளம். வெளிப்பக்கம் வர அரை அங்குலமே மிச்சம். இந்தச் சோதனையை ஒரு பழைய கேம்ப் கார்பைன் வாங்கும் யாரும் விற்பவர் வீட்டிலேயே செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத விரிசலை எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும்.

சீர்செய்தது

பஃபரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. இந்தத் துப்பாக்கிக்கென்றே பிளாக்ஜாக் என்ற பெயரில் மாற்றுப் பஃபர்கள் கிடைக்கின்றன, இரண்டு வாங்கினேன். வுல்ஃப் நிறுவனம் இதற்குக் கூடுதல் விசையுள்ள சுருள்வில் விற்கிறது, ஒன்று வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, நாலுபேர் குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுகூட இல்லை. பழைய சுருள்வில்லைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தியபோது பழையது இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது. பழையதை வீசாமல் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்ட.

விசை அதிகமான சுருள்வில் கிடைக்கிறது என்பதற்காக இருப்பதிலேயே கடினமானதைப் போடுவதும் சரியல்ல. மிகக் கடினமாக இருந்தால் மருந்து குறைந்த தோட்டாவில் போல்ட் முழுதும் பின்னால் வராது. காலி உறை வெளியேறும் வாயில் சிக்கும். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கிறதா என்பதை வைத்துச் சரிபார்க்கலாம். நான் நடுத்தரமானதை எடுத்தேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 115 கிரெயின் (ரவையின் எடை அளவு) தோட்டாவிலேயே அது தடங்கலின்றி ஓடுகிறது. பிளஸ் பி தோட்டாவை இந்தத் துப்பாக்கியில் நான் போடுவதில்லை. நீண்ட குழலில் சாதாரணத் தோட்டாவே கைத்துப்பாக்கியைவிட வேகம் கூடுதலாகப் போகும். அதற்குமேல் மருந்தைக் கூட்டி ஒரு துண்டு பிளாஸ்டிக்கை அடிப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

நேரம் பிடித்தது மரம்தான். எண்ணெய் குடித்த மரத்தில் எபாக்சிப் பசை பிடிக்காது. வைட்டிங் எனப்படும் மிருதுவான சுண்ணப்பொடியை அசிட்டோனில் குழைத்து, விரிசல் இருந்த இடத்தில் பற்றுப் போட்டோம். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயை மேலே இழுத்துவரும்; பொடி அதைக் குடித்துக்கொள்ளும். முதல் பற்று காய்ந்தபோது மஞ்சளாக இருந்தது. உரித்துவிட்டு அடுத்தது. ஆறாவது பற்று வெள்ளையாகவே காய்ந்தது. இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது, வார இறுதிகளில்தான் நேரம் கிடைத்ததால்.

பிறகு விரிசலின் முனையில் மெல்லிய துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தினோம். மெதுவாக இறுகும் எபாக்சியை முடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கினால் தண்ணீர்போல இளகும். அதை விரிசல்மேல் விட்டு, மறுபக்கத் துளையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை வைத்தார் அண்ணன். பசை கண்ணெதிரே உள்ளே போய் மறைந்தது. இன்னும் விட்டோம், அதுவும் போனது. மூன்றாம் தடவை மேலே நின்றது. பிடிப்பானில் மெல்ல இறுக்கி, பசை இறுகிய மறுநாள், விரிசலுக்குக் குறுக்கே மரை வெட்டிய இரண்டு பித்தளைக் கம்பிகளை உள்பக்கத்திலிருந்து எபாக்சியோடு இறக்கினோம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் விரிசல் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் வந்திருக்கும். ஏன் விரிந்தது என்பது மரத்திலேயே எழுதியிருந்தது. ரிசீவரின் பின்பக்கம் மரத்தோடு இடது ஓரத்தில் மட்டும் உரசிய தடம் இருந்தது. வலது ஓரம் தொடவே இல்லை. அத்தனை அடியும் ஒரே மூலையில் ஆப்பு இறக்குவதுபோல விழுந்திருக்கிறது. பிரவுனெல்ஸ் நிறுவனம் விற்கும், இரும்பு மரத்தில் இடைவெளியின்றிப் படியச் செய்யும் அக்ராகிளாஸ் என்ற பசையால் அந்தப் பரப்பைச் சமமாக்கினோம். இரும்பில் ஒட்டாதிருக்க அதனோடு வரும் திரவத்தை இரண்டு முறை பூச வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் துப்பாக்கியும் கட்டையும் ஒன்றாகிவிடும். வாலின் கடைசி முனைக்குப் பின்னால் மட்டும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டோம். அங்கே மரம் மிக மெலிவு, சுமை அதன்மேல் விழக் கூடாது. மையைத் தடவி வைத்துப் பார்த்தபோது இரு ஓரமும் சமமாகப் பதிந்தன. அடித் திருகாணிகளைக் கையால் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரம் நசுங்கும், மறுபடி தளரும்.

மேகசின், நோக்கி, வேண்டாம் என்று விட்டவை

விற்றவர் தந்த மேகசின்கள் மூன்று. ஒன்று 12 தோட்டா கொள்ளும் மார்லின் மேகசின், இரண்டு 5906-க்குரியவை. ஒன்றில் தோட்டா அடிக்கடி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல்விளிம்புகள், அதாவது உதடுகள், விரிந்திருந்தன, கண்ணாடிமேல் நிறுத்தி மற்றதோடு ஒப்பிட்டபோது தெரிந்தது. உதட்டை நெருக்கிச் சரிசெய்வதைவிட அதை ஒதுக்கிவிடுவது மேல். மெக்-கார் செய்யும் 15 தோட்டா மேகசின்கள் இரண்டு வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேகசினே போடுவதால் இந்த ஒரு விஷயத்தில் கேம்ப் 9-க்கு இன்றும் பஞ்சமில்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் பத்துக்குமேல் கொள்ளும் மேகசின் கூடாது. அங்கே இருப்பவர்கள் பத்துக் கொள்ளளவு உள்ளதையே தேட வேண்டும். 1994 முதல் 2004 வரை நாடு முழுதும் அப்படி ஒரு தடை இருந்ததால் பத்துத் தோட்டா மேகசின்களும் பழைய சந்தையில் கிடைக்கின்றன.

அக்டோபரிலேயே வாங்கி வைத்த ரெட் டாட் நோக்கியை ஜனவரியில்தான் ஏற்றினேன். ரிசீவரின் மேல்பக்கம் தொழிற்சாலையிலேயே துளையிட்டு மரை வெட்டியிருக்கும். அதற்கேற்ற அடித்தளத் தகடு போதும். சிறிய திருகாணிகள் அதிர்வில் தளராதிருக்க நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு. பிறகு ரேஞ்சில் ஐம்பது கஜத்தில் புள்ளியைச் சரிசெய்தேன். அந்தத் தொலைவுக்குச் சரிசெய்தால், ஏழு கஜத்தில் ரவை முக்கால் அங்குலம் கீழே படும், நோக்கி குழலுக்கு மேலே இருப்பதால். நூறு கஜத்தில் சுமார் அரை அடி இறங்கும். ஆரம்பத்தில் கிட்ட இருக்கும் அட்டையில் ஏன் கீழே படுகிறது என்று குழம்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்கலாம்.

மடக்கும் கட்டை வேண்டாமென்று விட்டேன். சோட் நிறுவனம் அந்நாளில் இதற்கு அப்படி ஒன்று விற்றது; பழையது இன்னும் கைமாறுகிறது. விரிசல் தொல்லை இல்லாத பொருள்தான். ஆனால் கட்டையின் வடிவம் மாறினால் சில மாநிலங்களில் துப்பாக்கியின் சட்ட வகையே மாறிவிடும். அதைவிட, நல்ல மரத்தை மூன்று மாதம் உட்கார்ந்து காப்பாற்றிவிட்டு அதைப் பரணில் போட மனம் வரவில்லை. குழலையும் தொடவில்லை. கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; இதில் கூடுதலாக இருப்பது அரை அங்குலம் மட்டும். ஓரத்தைச் சீவி மெருகேற்றுகிறேன் என்று இறங்குகிறவர்கள் குட்டைக் குழல் ரைஃபிள்களைக் கட்டுப்படுத்தும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் கால் வைத்துவிடக் கூடும். விசையை இழுக்க வேண்டிய பலத்தைக் குறைக்கச் சிலர் சொன்னார்கள். அதற்காக உள்ளே விசையைப் பிடித்து நிறுத்தும் பழைய கொக்கிகளை அரத்தால் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிறான். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். மேகசின் இல்லாவிட்டால் சுடாது என்ற ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று நான் எண்ணுவதே இல்லை. முப்பத்தைந்து ஆண்டு பழைய பொருளில் அந்தச் சிறு தகடு எப்போது தேயும் என்பது யாருக்கும் தெரியாது.

திரும்பச் சுட்டபோது

பிப்ரவரியின் முதல் வெயில் நாளில் ரேஞ்சுக்குப் போனோம். முதலில் மேகசினில் இரண்டே தோட்டா போட்டுச் சுட்டேன். போல்ட் திறந்து நின்றது. பிறகு ஐந்து, பிறகு முழு மேகசின். உறைகள் இப்போது மூன்று நான்கு அடி எடுத்துவைக்கும் தூரத்தில், ஒரு தாம்பாளத்தில் கொட்டியதுபோல ஒரே இடத்தில் விழுந்தன. வாய் நசுங்கியவை இல்லை. அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பது கஜத்தில், மேசையில் சாய்த்து, ஐந்து தோட்டா உள்ளங்கைக்குள் அடங்கியது. முன்பும் இதைவிடப் பெரிதாக மோசம் இல்லை. குழல் எப்போதும் நல்ல குழல்தான்.

அன்று இருநூறு, அதன்பின் மூன்று வாரத்தில் முந்நூறு. ஐந்நூறு ஆனதும் திறந்தோம். புதிய பஃபரின் முகத்தில் போல்ட்டின் விளிம்பு மெல்லிய பிறையாகப் பதிந்திருந்தது. வெட்டு இல்லை, சில்லு இல்லை. ரிசீவரில் பழைய தழும்பு அப்படியே. மரத்தை வெள்ளைத் துணியால் துடைத்து அழுத்திப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது.

விற்றவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்படி ஒரு பாகம் உள்ளே இருப்பதே இத்தனை ஆண்டும் தமக்குத் தெரியாது என்றார். கேட்டு வருந்தி, நூறு டாலர் திருப்பித் தருவதாகச் சொன்னார், வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அந்த 5906-இன் உதிரி மேகசின் ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. கட்டையின் மேல்விளிம்பு தொழிற்சாலை நோக்கிக் குறியின் உயரத்துக்குச் செய்தது. ரெட் டாட் அதைவிட உயரத்தில் நிற்பதால் கன்னம் மரத்தில் சரியாகப் படியவில்லை. தோல் உறை ஒன்றைக் கட்டி உயர்த்திப் பார்க்கப்போகிறேன். மரத்தில் ஆணி அடிக்க மாட்டேன். கட்டையின் உள்பள்ளத்தில், ரிசீவர் மூடும் இடத்தில், பஃபர் மாற்றிய தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இரண்டாவது பஃபர் பிரிக்காத உறையோடு துப்பாக்கிப் பையின் பக்கவாட்டில் இருக்கிறது. அடுத்து ஆயிரமாவது தோட்டாவில் திறப்போம்.